கொக்குவில் ஸ்ரேசன்: நாலு நாள் குறிப்பு

முதல் நாள், வியாழன்

விடிய முன்னமே வெள்ளவத்தையில் ஓட்டோ பிடித்துக் கோட்டைக்கு வந்து யாழ்தேவியில் ஏறினேன். யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். அவ்வளவையும் எழுதப் போவதில்லை. வவுனியா வரை பாதி நித்திரை, மீதி வடையும் பிளேன்டீயும். கிளிநொச்சி தாண்டியதும் யன்னல் பக்கத்துக்கு மாறி இருந்தேன். ஆனையிறவில் இரண்டு பக்கமும் பரவைக்கடல் விரிந்ததும் பெட்டியில் பேச்சு தானாகக் குறைந்தது. எத்தனை தரம் வந்தாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அதற்குப் பிறகு பெயர்கள் வரிசையாக வரத் தொடங்கும். பளை, எழுதுமட்டுவாள், மிருசுவில், கொடிகாமம், மீசாலை, சங்கத்தானை, சாவகச்சேரி, தச்சன்தோப்பு, நாவற்குழி, புங்கன்குளம். சின்ன வயதில் அப்பா இதை வாய்ப்பாடு மாதிரிச் சொல்லித் தந்தார். தச்சன்தோப்பை விட்டுவிட்டால் திரும்பப் பளையில் இருந்து தொடங்க வேண்டும். இன்றைக்கு ஒவ்வொரு பெயர்ப்பலகையும் வர முன்னமே உதடு தன்பாட்டில் சொல்லிக்கொண்டு வந்தது.

நாவற்குழிப் பாலத்தைக் கடக்கும்போது கைபேசியைக் கீழே வைத்துவிட்டேன். 1995 ஒக்ரோபர் 30 இரவு, போரால், யாழ்ப்பாண நகரைச் சுற்றிய வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தபோது இந்தப் பக்கமாகத்தான் நடந்தோம். மழை, இருட்டு, அடுத்த ஆளின் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியாத சனம். பாலத்தைக் கடக்க விடிந்துவிட்டது. இன்றைக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட முன்னம் பாலம் பின்னுக்குப் போய்விட்டது.

யாழ்ப்பாணத்தில் பெட்டி காலியானது. நான் இறங்கவில்லை. அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் போல, அடுத்த ஸ்ரேசன் கொக்குவில். நான் வந்தது அதற்காகத்தான். யாழ்ப்பாண ஸ்ரேசனைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். படங்களும் நிறைய உண்டு. கொக்குவில், கோண்டாவில், இணுவில் மாதிரியான சின்னத் தரிப்புகளை அட்டவணையில் ஒரு வரியாக மட்டும் பார்த்துவிட்டுப் போகிறோம். ஆனால் ஒரு ஊர் வெளியே போய் வந்தது அந்தச் சின்ன மேடையில் இருந்துதான்.

என்னோடு இறங்கியது ஐந்தாறு பேர். சின்னம்மா குடையோடு நின்றார். வயது எழுபத்தெட்டு. என் கைப்பையை வாங்கிக்கொண்டே, "கொப்பரைக் கூட்ட வந்த மாதிரிக் கிடக்கு பிள்ளை" என்றார், அப்பாவை நினைத்து.

இரண்டாம் நாள், வெள்ளி

காலையில் ஸ்ரேசனுக்குப் போய் வாங்கில் இருந்தேன். புதுக் கட்டடம், மூன்று மொழியில் பெயர்ப்பலகை, கொங்கிறீற் சிலிப்பர் கட்டையில் ஒற்றைத் தண்டவாளப் பாதை. சரளைக் கல்லுக்கு அங்கால் செம்மண். வேலிப் பூவரசில் இலை துளிர்த்திருந்தது. அடுத்த வண்டிக்கு நேரம் கிடந்ததால் ஒரு நாய் மேடை முழுவதையும் தன்னுடையதாக்கிக்கொண்டு படுத்திருந்தது.

இந்தப் பாதை கொழும்பில் தொடங்கி வடக்கே வந்ததென்றுதான் பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் வடக்கு முனையும் தெற்கு முனையும் வேறு வேறாகத் தொடங்கின. தெற்கே பொல்கஹவெலயில் இருந்து குருநாகல் வரை 1894இல் வந்து நின்றது. குடாநாட்டில் 1902 மார்ச் 11 அன்று காங்கேசன்துறையில் இருந்து சாவகச்சேரி வரை, இருபது மைல் சொச்சம், திறந்தார்கள். அதே ஆண்டு செப்டெம்பரில் அது பளை வரை நீண்டது. நடுவில் வன்னிக் காடு. அநுராதபுரத்துக்கும் பளைக்கும் இடையில் பாதை முடிந்து முழு வழியும் திறந்தது 1905 ஓகஸ்ட் 1ஆம் திகதிதான்.

யோசித்துப் பாருங்கள். மூன்று வருடத்துக்கு மேல் குடாநாட்டில் ஒரு தனி ரெயில் ஓடியிருக்கிறது, நாட்டின் மற்றப் பாதைகள் ஒன்றோடும் தொடர்பில்லாமல். எஞ்சினும் பெட்டிகளும் கடலால்தான் வந்திருக்க வேண்டும். அந்த மூன்று வருடமும் கொக்குவில் ஆட்களுக்குக் கோச்சி என்றால் கொழும்புக்குப் போவது இல்லை. சுன்னாகச் சந்தைக்கும் கீரிமலைக்கும் சாவகச்சேரிக்கும் போய் வருவதுதான். ஆக, இந்தத் தரிப்புகள் பிறந்ததே ஊருக்குள் ஓடிய ரெயினுக்காக. கொழும்பு பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டது. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

'கோச்சி' என்ற சொல்லும் அந்தக் காலத்ததுதான். கோச் என்ற ஆங்கிலச் சொல்லில் இருந்து வந்தது. சிங்களத்திலும் கோச்சிய என்பார்கள். புகையிரதம் என்று பள்ளிக்கூடத்தில் எழுதினோம். வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை.

பாதை முழுதாகத் திறந்த பிறகு ஊர் மாறியது. கொக்குவில், கோண்டாவில், இணுவில் பக்கம் புகையிலைத் தோட்டம். கொக்குவிலில் சுருட்டுக் கொட்டில்கள். சுருட்டுச் சுற்றுபவர்கள் வரிசையாக இருந்து வேலை செய்ய, ஒருவர் நடுவில் இருந்து பத்திரிகையை உரக்க வாசிப்பார். அந்தக் கொழும்புப் பத்திரிகை வந்ததும் கோச்சியில்; கட்டிய சுருட்டு தெற்குக்குப் போனதும் கோச்சியில். தெற்கே சின்னச் சின்னப் பட்டணங்களில் எல்லாம் யாழ்ப்பாணத்துச் சுருட்டுக்கடை இருந்த காலம். சுருட்டுப் பொதிகளை மேடையில் அடுக்கினால் ஸ்ரேசன் முழுக்கப் புகையிலை மணக்கும் என்று சின்னம்மா சொல்கிறார். சொல்லும்போது மூக்கைச் சுளிக்கவில்லை; இழுத்து மூச்சு விட்டார்.

அடுத்தது உத்தியோகம். இங்கிலீஷ் படித்த பெடியள் கொழும்புக் கந்தோர்களுக்கும் மலாயாவுக்கும் போனார்கள். மலாயா ரெயில்வேயில் வேலை பார்த்து, பென்சனோடு ஊருக்குத் திரும்பி, கல்வீடு கட்டிய யாழ்ப்பாணத்தார் ஏராளம். எங்கள் ஒழுங்கையிலேயே அப்படி இரண்டு வீடு இருந்தது. கொழும்புக்குப் போனவர்களுக்கு வேறு வாழ்க்கை. திங்கள் தொடங்கி வெள்ளி வரை அங்கே ஒரு அறை, மனைவி பிள்ளைகள் இங்கே. வெள்ளி இரவு மெயில் கோச்சியில் ஏறினால் சனி விடிய வீடு. ஞாயிறு இரவு திரும்ப மெயில். எங்களுக்கு அப்பா வந்தால் இரண்டு நாள்தான். அதுவும் மாதத்தில் இரண்டு தரம்.

1956 ஏப்ரல் 23இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிய பிறகு பகலிலும் போய் வரலாம் என்றானது. ஆனால் லீவு மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் மெயில்தான். அரசாங்க உத்தியோகத்தருக்குக் கிடைக்கும் இலவசப் பயண ரெயில்வே வாறண்டை அப்பா நல்லூர்த் திருவிழாவுக்கென்று பத்திரப்படுத்தி வைப்பார்.

சனிக்கிழமை விடிய அம்மாவும் நானும் இந்த மேடைக்கு வருவோம். யாழ்ப்பாணப் பக்கம், அதாவது தெற்கே பார்த்துக்கொண்டு நிற்போம். முதலில் தண்டவாளத்தில் மெல்லிய ஒரு கிணுகிணுப்பு. பிறகு வெளிச்சம். அப்பா இறங்கும்போது கையில் எப்போதும் ஒரு பன்பை இருக்கும், அதற்குள் மங்குஸ்தான் அல்லது றம்புட்டான். இரண்டும் எங்கள் மண்ணில் காய்க்காது. இரவு முழுக்கப் பெட்டியின் சூட்டில் கிடந்து, இரண்டு மூன்று நசிந்து, பையின் அடியில் கறை பிடித்திருக்கும். மங்குஸ்தான் கறை போகாது. அந்தப் பையை அம்மா எத்தனை தரம் தோய்த்தார் என்று கணக்கில்லை.

இன்று பின்னேரம் சின்னம்மாவிடம் அந்தப் பை எங்கே என்று கேட்டேன். "95இல வீட்டையே விட்டுட்டுப் போனனாங்கள், பையைத் தேடுறாய்" என்று சொல்லிவிட்டு ஒடியல் கூழ் வைக்கப் போய்விட்டார்.

மூன்றாம் நாள், சனி

காலையில் கோண்டாவிலில் ஒரு ஐயாவைப் பார்க்கக் கூட்டிப் போனார்கள். ரெயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பொயின்ஸ்மனாக இருந்தவர், எண்பது தாண்டிவிட்டது. சுன்னாகத்திலும் கொடிகாமத்திலும் வேலை பார்த்திருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்றார்; போடவில்லை.

ஒற்றைப் பாதையில் இரண்டு கோச்சி நேருக்கு நேர் மோதாமல் எப்படி ஓடியது என்று கேட்டேன். கேட்டதும் நிமிர்ந்து இருந்தார். "ரப்லெற் பிள்ளை, ரப்லெற்" என்றார். ஒரு உலோக வட்டு. இரண்டு ஸ்ரேசனிலும் ஒவ்வொரு கருவி, இரண்டுக்கும் நடுவில் மின்கம்பி. அந்த ஸ்ரேசன் மாஸ்டர் சம்மதம் தந்தால்தான் இந்தப் பக்கத்துக் கருவியில் இருந்து வட்டு வெளியே வரும். ஒன்று வெளியே வந்துவிட்டால் அது எதாவது ஒரு கருவிக்குள் திரும்பிப் போகும் வரை இரண்டிலும் மற்றது பூட்டு. வட்டைத் தோற்பைக்குள் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி, ட்ரைவரிடம் கொடுப்பார்கள். கையில் வட்டு இல்லாமல் ட்ரைவர் நகரக் கூடாது. நிற்காமல் போகும் வண்டிக்கு மேடை ஓரத்தில் நின்று வளையத்தை உயர்த்திப் பிடிக்க, ட்ரைவரின் ஆள் கையை உள்ளே விட்டு எடுத்துக்கொண்டு போவார். ஐயா வலது கையைத் தூக்கிக் காட்டினார். முழங்கைக்குக் கீழே பழைய தழும்பு ஒன்று. அதைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பிறகு கெட்ட காலம். 1985 ஜனவரி 19இல் வன்னியில் கொக்காவில் பக்கம் யாழ்தேவி குண்டுக்கு இலக்கானது. இராணுவத்தினரும் பயணிகளும் செத்தார்கள். 1987 ஒக்ரோபரில் இந்தியப் படையின் தாங்கிகள் வீதியில் கண்ணிவெடி இருக்குமென்று தண்டவாளத்தின் மேலால் வந்தன. எங்கள் ஒழுங்கையில் அன்றைய சத்தத்தைக் கேட்டவர்கள் இன்றும் அதைக் கோச்சிச் சத்தத்தோடு ஒப்பிடுவதில்லை. அது வேறு சத்தம். 1990 ஜூன் 13இல் யாழ்ப்பாணத்தில் இருந்து கடைசி வண்டி போனது. அது கடைசி என்று தெரிந்து ஏறியவர் ஒருவரும் இல்லை. எனக்கு அப்போது பதினேழு. அடுத்த கிழமை ஓடும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

ஓடவில்லை, இருபத்து நாலு வருடத்துக்கு மேல்.

முதலில் பாதையில் புல் வந்தது. பிறகு தண்டவாளம் போனது. சிலிப்பர் கட்டையும் போனது. பங்கருக்குக் கூரை போட இதைவிட நல்ல சாமான் கிடைக்காது. சண்டை பிடித்த இரண்டு பக்கமும் எடுத்தார்கள். சனமும் எடுத்தது. எங்கள் வீட்டுப் பங்கருக்குப் பனங்குற்றிதான் போட்டிருந்தோம். பக்கத்து வீட்டில் சிலிப்பர் கட்டை. ஷெல் அடிக்கும்போது நாங்கள் அங்கேதான் ஓடினோம். அதற்காக இன்று யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

வெறும் பாதை சைக்கிளுக்கு வசதியாகிவிட்டது. வளைவில்லாத நேர்வழி. மண்ணெண்ணெய்ப் போத்தலைக் கொழுவிக்கொண்டு ரியூசனுக்குப் போய் வந்தது அதால்தான். கொழும்புக்குப் போவதென்றால் கிளாலிப் பரவைக்கடலில் இரவு வள்ளம் ஏற வேண்டும். போய்ச் சேருவோமா என்பதே நிச்சயமில்லாத பயணம். கோச்சியில் ஒரு இரவில் போன தூரம் அப்படியானது.

இன்று கோண்டாவிலில் இருந்து இணுவில் வரை பாதைக்குப் பக்கத்தால் நடந்தேன். தண்டவாளத் துண்டைக் கண்டால் கணக்கு வைப்பது என்று தொடங்கி ஏழில் விட்டுவிட்டேன். ஒரு கேற்றுக்குத் தூணாக ஒன்று. மாட்டுக் கொட்டிலுக்கு வளையாக ஒன்று. ஒரு வளவில் கிணற்றின் குறுக்கே போட்டிருந்தார்கள், கப்பி தொங்க. கிட்டப் போய்ப் பார்த்தேன். கயிறு உரசிய இடம் மட்டும் வெள்ளி மாதிரி மினுங்க, மற்ற இடமெல்லாம் செம்மண் நிறத்தில் துரு. சில்லுப் படாத பக்கவாட்டில் புடைத்த எழுத்துகள் இருந்தன. விரலால் தடவினால் தெரியும், கண்ணால் வாசிக்க முடியாது. வீட்டுக்கார அக்கா, "அது நாங்கள் எடுக்கேல்லை, வளவு வாங்கேக்கையே கிடந்தது" என்று அவசரமாகச் சொன்னார். நான் ரெயில்வே ஆள் இல்லை என்று சொல்லிச் சிரித்த பிறகுதான் தேத்தண்ணி வந்தது.

போர் முடிந்த பிறகு இந்தியக் கடனுதவியில் இர்கொன் நிறுவனம் பாதையைத் திரும்பப் போட்டது. 2011இல் ஓமந்தை, 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, 2014 ஒக்ரோபர் 13இல் யாழ்ப்பாணம், 2015 ஜனவரி 2இல் காங்கேசன்துறை. இடையில் பாதைக்குரிய நிலத்தில் கொட்டில் போட்டிருந்த குடும்பங்கள் எழும்ப வேண்டியிருந்தது. இடம்பெயர்ந்து வந்து வேறு போக்கிடம் இல்லாமல் அங்கே இருந்தவர்கள் அவர்களில் பலர். கோச்சி வந்த சந்தோசத்தில் அவர்களை நாங்கள் மறந்துவிட்டோம். அதைச் சொல்லாமல் இந்த வரலாற்றை எழுத எனக்கு மனமில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பாதை திறந்தபோது இங்கே இருபத்தைந்து வயதுப் பிள்ளைக்குக் கூட ரெயினைக் கண்ட நினைவில்லை. தண்டவாளத்தில் காது வைத்துக் கேட்டுப் பழகியவர்கள் நாங்கள். அவர்களுக்கு அது வெறும் வழி. காவலாளி இல்லாத கடவைகளில் சைக்கிளும் மோட்டார்சைக்கிளும் ஓட்டோவும் அடிபட்டு எத்தனையோ பேர் போனார்கள். இணுவிலுக்குக் கிட்ட ஒரு கடவையில் பத்து நிமிடம் நின்று பார்த்தேன். பள்ளிக்கூட உடுப்போடு வந்த பெடியன் ஒருவன், காதில் வயர், இரண்டு பக்கமும் பாராமல் கடந்தான். "தம்பி!" என்று கத்திவிட்டேன். வண்டி ஒன்றும் வரவில்லை. அவன் திரும்பிப் பார்த்து, என்னவோ ஏதோ என்று காலை ஊன்றி நின்றான். ஒவ்வொரு கடவைக்கும் ஒரு ஆள் வேண்டும். சம்பளம் கூடுதலாகக் கொடுத்தாவது வேண்டும்.

நாலாம் நாள், ஞாயிறு

காங்கேசன்துறைக்குப் போனேன். கொக்குவிலில் ஏறி, கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம், பிறகு கடைசி. இந்த வரிசையையும் அப்பாதான் சொல்லித் தந்தார். தெற்கு வரிசையை விடச் சின்னது என்பதால் இதற்குப் பரிசு கிடையாது.

இணுவிலில் வண்டி நிற்கும்போது எங்கோ தவில் கேட்டது. இணுவிலில் அது புதினமில்லை. தவில் மேதை தெட்சணாமூர்த்தி பிறந்த ஊர். சுன்னாகத்தில் வாழைக்குலைக்காரர் இரண்டு பேர் ஏறினார்கள். தெல்லிப்பழை தாண்டியதும் காட்சி மாறிவிடும். உயர் பாதுகாப்பு வலயமாகப் பூட்டிக் கிடந்த பக்கம். காணிகள் கொஞ்சம் கொஞ்சமாக விடுபட்டு வந்தாலும், கூரையில்லாத சுவர்களுக்குள் ஆலும் அரசும் வளர்ந்து நிற்கின்றன. மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலைக் கண்டதும் பெட்டியில் இருந்த இரண்டு அம்மாமார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

காங்கேசன்துறையில் இறங்கிக் கடற்கரைப் பக்கம் நடந்தேன். சீமெந்துத் தொழிற்சாலை ஓய்ந்து கிடக்கிறது. துறைமுகத்துக்கு 2023இல் இருந்து நாகபட்டினத்துக் கப்பல் விட்டுவிட்டு வந்து போகிறது. நான் நின்று பார்த்தது அந்தக் கடலைத்தான், ஆனால் வேறொரு கப்பலுக்காக.

1983 ஆடிக் கலவரம் நடந்தபோது அப்பா கொழும்பில் இருந்தார். எனக்குப் பத்து வயது. தந்தி இல்லை, ஆள் இல்லை. அம்மா ஒவ்வொரு நாளும் என்னைக் கூட்டிக்கொண்டு கொக்குவில் மேடைக்கு வந்தார். தெற்குப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்போம். வண்டி வந்தாலும் வராவிட்டாலும் நிற்போம். ஸ்ரேசன் மாஸ்டர் ஒருநாள் தன் கதிரையைக் கொண்டுவந்து அம்மாவுக்குப் போட்டார். அம்மா இருக்கவில்லை.

கொழும்பு அகதி முகாம்களில் இருந்த சனத்தைக் கப்பலில் ஏற்றிக் காங்கேசன்துறையில் இறக்கினார்கள். அப்பாவும் அதில் வந்தார். துறைமுகத்தில் இருந்து ஸ்ரேசனுக்கு நடந்து, யாழ்ப்பாணம் போகும் கோச்சியில் ஏறி, கொக்குவிலில் இறங்கினார். அதாவது வடக்கில் இருந்து. நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம். பின்னால் வந்து நின்ற வண்டியை அம்மா திரும்பிப் பார்க்கவே இல்லை. தோளில் கை வைத்த பிறகுதான் திரும்பினார். கையில் பை இல்லை. உடுத்திருந்தது யாரோ கொடுத்த சாரம். அதற்குப் பிறகு அப்பா கொழும்புக்குப் போகவேயில்லை. மாற்றம் எடுத்து யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே, அதாவது மாவட்ட அரச அலுவலகத்திலேயே இருந்து, அங்கேயே பென்சன் எடுத்தார்.

காங்கேசன்துறைக் கவுண்டரில், "கொக்குவிலுக்கு ஒண்டு" என்றேன். தம்பி தடித்த அட்டை ரிக்கற்றை எடுத்துத் திகதிக் கருவிக்குள் விட்டு ஒரு தட்டுத் தட்டித் தந்தார். இரண்டு விரல் அகலம்தான் வரும். திகதி ஓரத்தில் அமுங்கி விழுந்திருந்தது, மையில்லாமல், பல்லுக் கடித்த தடம் மாதிரி. வழி முழுக்க அதைக் கைக்குள் வைத்திருந்ததில் வியர்வையில் மூலை மெதுமெதுத்துவிட்டது.

கொக்குவிலில் வண்டி மெதுவாக உள்ளே வந்தது. சின்னம்மா குடையோடு மேடையில் நின்றார். நான் காங்கேசன்துறைக்குப் போனது அவருக்குத் தெரியும். காலையில் சாப்பாடு கட்டித் தந்ததே அவர்தான். அப்படியிருந்தும் யாழ்ப்பாணப் பக்கம்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.